ரூஸ்வெல்ட்டுக்கு மாலை போடாதீர்கள்: மெயின்ஸ் உலக வரலாறு, என் அனுபவம்

ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. பட்டியலைத் திறந்து என் எண் இன்னும் இருக்கிறதா என்று தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். மற்ற பாடங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ரூஸ்வெல்ட்டை மட்டும் எழுதுகிறேன் (1933 முதல் 1945 வரை அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின், தியடோர் இல்லை). என்னைத் திருத்தியது அந்த ஒரு விடைதான்.

போலியோ வந்தும் தளராதவர், நான்கு தேர்தல் வென்றவர், பெருமந்தத்தை (1929இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவு) விரட்டியவர், ஹிட்லரை வீழ்த்தியவர் என்று 250 வார்த்தையும் புகழ்மாலையாகக் கட்டியிருந்தேன். மாதிரித் தேர்வுத் தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் "விடையா, இரங்கற்பாவா?" என்று இருந்தது. ஒரு வாரம் கோபம் தீரவில்லை. அப்புறம் மறுபடி உட்கார்ந்து படித்தபோதுதான் 1937 கண்ணில் பட்டது.

1933இல் சுமார் 25 சதவீதமாக இருந்த வேலையின்மை மெல்ல இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பட்ஜெட்டைச் சமன் செய்கிறேன் என்று அவரே அரசுச் செலவைக் குறைக்கிறார், மத்திய வங்கியும் அதே சமயம் பணப்புழக்கத்தை இறுக்குகிறது, 1938இல் வேலையின்மை திரும்ப ஏறி 19 சதவீதம் வரை போகிறது. நியூ டீல் (மந்தத்தைச் சமாளிக்க அவர் கொண்டுவந்த நிவாரண, சீர்திருத்தத் திட்டங்கள்) ஜனங்களைத் தாங்கிப் பிடித்தது, சரி. ஆனால் மந்தத்தை முடித்துவைத்தது போர்ச் செலவு. 1944இல் வேலையின்மை 2 சதவீதத்துக்கும் கீழே. பொருளாதாரம் ஒரு பத்தி, போர் ஒரு பத்தி என்று பிரித்து எழுதாமல் 1937ஐ நடுவில் முடிச்சாகப் போடுங்கள். இதைத் தவிர வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மீதி, சுருக்கமாக:

- 1933 மார்ச் 4 பதவியேற்பு, 6 முதல் எல்லா வங்கிகளுக்கும் விடுமுறை, 9 அவசர வங்கிச் சட்டம், 12 ஞாயிறு இரவு வானொலிப் பேச்சு. 13ஆம் தேதி வங்கி திறந்தால், பணத்தை எடுக்க முண்டியடித்தவர்கள் போடுவதற்கு நிற்கிறார்கள். முன்னுரைக்கு இது போதும்.
- முதலெழுத்துச் சுருக்கங்களால் அழைக்கப்பட்ட நியூ டீல் திட்டங்களை அடுக்காதீர்கள். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் (அணைகள், மின்சாரம்), வாக்னர் சட்டம் (தொழிற்சங்க உரிமை), சமூகப் பாதுகாப்புச் சட்டம் (முதியோர் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு), மூன்றே மூன்று. (பத்தும் நினைவில் நிற்கும் ஆளென்றால் எழுதுங்கள், எனக்கு நிற்காது.)
- 1937இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டப்போய் மூக்குடைபட்டது.
- 1942, ஆணை 9066. ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். இந்த வரி இல்லாத விடை புகழ்மாலைதான்.

கடன்-குத்தகைச் சட்டத்துக்கு (போரிடும் நட்பு நாடுகளுக்கு உடனே பணம் வாங்காமல் ஆயுதம் தர வழிசெய்த சட்டம்) நான் அரைப் பக்கம் வீணடித்துக்கொண்டிருந்தேன். 1940 டிசம்பரில் பத்திரிகையாளர்களிடம் அவரே அதை எளிதாகச் சொல்லிவிட்டார்: பக்கத்து வீடு எரிகிறது, என் தோட்டத்துக் குழாயை 15 டாலர் கொடுத்து வாங்கிக்கொள் என்றா சொல்வேன்? தீ அணைந்ததும் குழாயைத் திருப்பித் தந்தால் போதும். குழாயை ஒரு வரியில் எழுதிவிட்டு 1941 மார்ச் என்று போட்டு நகர்ந்துவிடுங்கள்.

விடையை 1945 ஏப்ரல் 12இல் நிறுத்துங்கள், அன்று அவர் இறந்துவிட்டார். ஜெர்மனி சரணடைந்தது அதற்குப் பின், ஒரு மாதத்துக்குள். அணுகுண்டு அவருக்கு அடுத்து அதிபரான ட்ரூமன் கணக்கு. முதல் தடவை நான் ஹிரோஷிமாவையும் ரூஸ்வெல்ட் தலையில் கட்டியிருந்தேன்.