அப்பாவின் சைக்கிள் போன பாந்த்ரா

என் அப்பா மும்பையின் பாந்த்ராவில் 26 வருஷம் இட்லி விற்றார். வீடு தாராவியில், 90 அடி ரோட்டுப் பக்கம். வியாபாரம் முழுக்க பாந்த்ரா மேற்கில். இப்போது நானும் அங்கேதான் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட ஊர் அது.

திருநெல்வேலியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் "ஷாருக்கான் வீட்டைக் காட்டு" என்பார்கள். கூட்டிப்போவேன். பேண்ட்ஸ்டாண்டில் மன்னத் வாசலில் நின்று போட்டோ எடுப்பார்கள், கடலைப் பார்த்தபடி சுட்ட சோளம் தின்பார்கள், அரை மணி நேரத்தில் பாந்த்ரா முடிந்துவிடும். எனக்கு மனசே கேட்காது. இந்த ஊரை அப்பாவின் சைக்கிள் கேரியரிலிருந்து பார்த்தவள் நான்.

அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவாள். ஐந்தரைக்கு அலுமினியப் பாத்திரத்தில் இட்லி, அதன் மேல் ஈரத்துணி, ஹேண்டிலில் ஒரு பக்கம் சாம்பார் தூக்கு, மறு பக்கம் சட்னி. ஞாயிற்றுக்கிழமைகளில் சில்லறை வாங்கிப் போட என்னையும் அழைத்துப்போவார். பாரம் இருந்ததால் மாஹிம் ரயில்வே கேட் வரை இருவரும் நடந்தே தள்ளுவோம். அப்புறம் மாஹிம் சர்ச், அதைத் தாண்டினால் காஸ்வே, மாஹிமிலிருந்து பாந்த்ராவுக்குப் போகும் பாலச்சாலை. மித்தி ஆறு கடலில் சேரும் இடம். சேற்று நாற்றமும் உப்புக்காற்றும் சேர்ந்து மூக்கில் அடிக்கும். அப்பாவுக்கு மட்டும் அந்த இடம் வந்தால் முகம் தெளிந்துவிடும். "ஏளா, இங்கதான் காத்து நம்மூர் காத்து மாதிரி இருக்கு" என்பார்.

அந்தக் காஸ்வேயின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்த அன்று ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். ஒரு காலத்தில் பாந்த்ரா தனித் தீவு போலத்தான், சால்செட் தீவின் முனை. மாஹிமிலிருந்து படகில்தான் போகவேண்டும். பாலம் கட்ட அரசாங்கம் கை விரித்தபோது, பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி அவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: கடந்து போகிற யாரிடமும் சுங்கம் வாங்கக்கூடாது. 1845-இல் பாலம் முடிந்தது. அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தம்மா புண்ணியத்துலதாம்ளா நாம கஞ்சி குடிக்கோம்" என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் காஸ்வேயில் ஏறும்போது கோயில் வாசலில் செய்வதுபோல் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

2009 ஜூன் 30 அன்று சீ லிங்க் திறந்தார்கள். கடலுக்கு மேல் ஐந்தரைக் கிலோமீட்டருக்கும் மேல், பாந்த்ராவிலிருந்து வொர்லிக்கு. பார்க்க அழகுதான், மறுக்கமாட்டேன். ஆனால் அதில் சுங்கம் உண்டு, சைக்கிளுக்கும் பைக்குக்கும் ஆட்டோவுக்கும் இடமில்லை, நடந்தும் போகமுடியாது. பணக்கார ஊருக்குப் போகிற இந்த இரண்டு பாதைகளில் எங்களை உள்ளே விட்டது அவாபாயின் பாதைதான்.

பாந்த்ரா பணக்கார ஊர் என்றால் எல்லாரும் பாலி ஹில்லையும் கார்ட்டர் ரோட்டையும் நினைப்பார்கள். சினிமாக்காரர்கள், காபிக் கடைகள், நாய்களோடு நடப்பவர்கள். அது ஊரின் மேல்பூச்சு. உள்ளே ரன்வார், சிம்பாய், சுயிம் என்று பழைய கிராமங்கள் அப்படியே இருக்கின்றன. கௌட்டான் என்பார்கள், நம் நத்தம் மாதிரி. அங்கே இருப்பவர்கள் ஈஸ்ட் இந்தியன் கத்தோலிக்கர்கள். போர்ச்சுகீசியர் காலத்தில் மதம் மாறிய இந்த மண்ணின் மராத்திக் குடிகள். விக்டோரியா ராணியின் பொன்விழா நடந்த 1887-இல்தான் அந்தப் பெயரைத் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். ஹில் ரோட்டின் கடைசியில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூ சர்ச் 1575-இல் கட்டியது. அதன் பக்கத்திலேயே சிம்பாயில் கோலி மீனவர்கள் படகை இழுத்துப் போட்டிருப்பார்கள். இந்த ஊரின் வயசு அங்கேதான் தெரியும்.

ரன்வாரில் ஒரு மஞ்சள் வீடு. ஓட்டுக் கூரை, வீட்டுக்கு வெளியே மரப்படி, மாடியில் மரக்கிராதி. அப்பா ரப்பர் ஹாரனை இரண்டு தடவை அமுக்கினால் மாடியிலிருந்து ஒரு கூடை கயிற்றில் இறங்கும். கூடைக்குள் தட்டு, கிண்ணம், கைக்குட்டையில் முடிந்த சில்லறை. "அண்ணா, சட்னி ஜாஸ்தி" என்று குரல் மட்டும் வரும். எழுபது வயதுக்காரி, அப்பாவை அண்ணா என்பாள். இந்த ஊரில் இட்லிக்காரர் எல்லாருக்கும் அண்ணாதான் பெயர். நாங்கள் அவளை ஆன்ட்டி என்போம்.

ஒரு மே மாதம் கூடை இறங்கவில்லை, ஆன்ட்டியே படியிறங்கி வந்தாள். கையில் பழுப்பு நிற பீர் பாட்டில். அப்பா பதறிவிட்டார். அதில் இருந்தது பாட்டில் மசாலா. வெயில் காலத்தில் மிளகாய், மல்லி, மஞ்சள், பட்டை, கசகசா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, உரலில் இடித்து, வருஷத்துக்கும் கெடாமல் இருக்க இருண்ட நிற பாட்டிலில் இறுக்கி அடைத்து வைப்பார்கள். இடிக்கிற பெண்கள் வீடு வீடாக வருவார்களாம். அன்றைக்கு அம்மா அதைப் போட்டுப் பாறை மீன் குழம்பு வைத்தாள். புளி எங்களுடையது, மசாலா அவர்களுடையது. இன்றுவரை எங்கள் வீட்டு மீன் குழம்பு அதுதான். திருநெல்வேலிக்குப் போய் வைத்தாலும் அத்தைமார் "என்னமோ வாசம் வேற மாதிரி இருக்கே" என்பார்கள்.

செப்டம்பர் வந்தால் மேட்டில் இருக்கும் மவுண்ட் மேரி மாதா கோயில். மாதா பிறந்தநாளான 8-ஆம் தேதியை ஒட்டி ஒரு வாரம் திருவிழா. மேட்டுக்குப் போகும் வழியெல்லாம் மெழுகில் செய்த கை, கால், குழந்தை, வீடு விற்பார்கள். யாருக்கு எது வேண்டுமோ அதை வாங்கி மாதாவுக்குக் காணிக்கை வைப்பது. கோலிகள் அவளை மோத் மாவ்லி, முத்து மாதா என்று கூப்பிடுவார்கள். வலையில் கிடைத்த சிலை என்று கதை சொல்வார்கள். இப்போதுள்ள கோயில் 1904-இல் கட்டியது. என் அம்மா திருச்செந்தூர் முருகனை விட்டு ஒரு நாள் நகராதவள். தம்பிக்கு மூன்று வயதில் கால் முறிந்தபோது முருகனுக்கு முடி, மாதாவுக்கு மெழுகுக் கால் என்று இரண்டு பக்கமும் நேர்ந்துகொண்டாள். கால் சேர்ந்தது. இரண்டு கடனையும் தீர்த்தாள்.

அப்பாவின் வியாபாரம் படுத்தது முழங்கால் வலியால் மட்டுமில்லை. ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகக் கோபுரமாகின. பன்னிரண்டாவது மாடிக்கு ரப்பர் ஹாரன் கேட்காது. வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். வாடிக்கைக் குடும்பங்கள் பல, கைக்கு வந்த பணத்தோடு வசாய்ப் பக்கம் போய்விட்டன. 2014-இல் சைக்கிளை விற்றோம். வாங்கியவர் எங்கள் தெருப் பையன். ஆபீஸ்கள் இருக்கும் பாந்த்ரா கிழக்கில் விற்கிறார், நன்றாகவே போகிறது.

போன செப்டம்பரில் அப்பாவை டாக்சியில் மவுண்ட் மேரிக்கு அழைத்துப்போனேன். ஹில் ரோட்டில் கூட்டம். "ஏளா, ரன்வார் வழியாப் போவச் சொல்லு" என்றார். மஞ்சள் வீடு இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். அவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே முக்கில் இருந்த சிலுவையிடம் போனார். 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தபோது, நோய் விலக வேண்டிக்கொண்டு பாந்த்ரா முழுக்க மக்கள் நட்ட சிலுவைகள் நிறைய உண்டு. இந்தச் சிலுவையின் மேடையில்தான் தினமும் சைக்கிளைச் சாய்த்து வைப்பார். புதிதாக வெள்ளை அடித்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். அப்பா குனிந்து மேடையின் ஓரத்தைத் தடவினார். பெடல் இடித்து இடித்து உடைந்த மூலை சுண்ணாம்புக்கு அடியிலும் தெரிந்தது.

"இந்தா, பாத்தியா" என்று என் விரலைப் பிடித்து அந்தக் குழியில் வைத்தார். பின்னால் டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். மேட்டு ரோட்டை அடைப்பதற்குள் போகவேண்டும் என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.