ஆமை முளைக்க வைத்த தக்காளி

தக்காளி சாஸ் புட்டியைப் பார்த்தாலே எனக்கு சார்லஸ் ரிக் நினைவு வரும். கலிஃபோர்னியாவின் டேவிஸில் பணியாற்றிய மரபியலாளர். காட்டுத் தக்காளிகளைத் தேடி பெரு, சிலி, எக்வடார் என்று அலைந்தவர்.

கலாபகோஸ் தீவுகளில் சேகரித்த விதைகள் அவருக்கு லேசில் முளைக்கவில்லை. விதையுறை அவ்வளவு கெட்டி. அந்தத் தீவுகளின் ராட்சத ஆமைக்குப் பழத்தைத் தின்னக் கொடுத்தார்கள். அதன் குடலில் வாரக்கணக்கில் கிடந்து வெளியே வந்த விதைகள் நன்றாக முளைத்தன! 1961-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இப்போது ஆமை தேவையில்லை, பிளீச் கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்தாலே போதும்.

அந்தத் தீவுத் தக்காளியில்தான் காம்பில் கணு இல்லாத செடி ஒன்று கிடைத்தது. வழக்கமான தக்காளி கணுவில் ஒடிவதால் காம்புத்துண்டும் கூடவே வரும், குவியலில் பக்கத்துப் பழத்தைக் குத்திக் கிழிக்கும். கணு இல்லையென்றால் பழம் மட்டும் சுத்தமாகக் கழன்று வரும். இயந்திர அறுவடைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜே-2 என்ற, இயற்கையாகவே நேர்ந்த அந்த மரபணு மாற்றம் சாஸ், பேஸ்ட் ரகங்களுக்குள் போனது இப்படித்தான்.

ஆனால் சில ரகங்களில் அதைச் சேர்த்ததும் பூங்கொத்து கண்டபடி கிளைத்து, காய்ப்பு குறைந்தது. காரணம் 2017-இல் தெளிவானது. பழத்தின் தலையில் இருக்கும் பச்சை இதழ்களை நீளமாக்கும் வேறொரு மாற்றம் பல வளர்ப்பு ரகங்களில் ஏற்கெனவே இருந்தது. தனித்தனியே இரண்டாலும் தொல்லையில்லை, ஒன்றாகச் சேர்ந்தால்தான் சிக்கல். எனக்குப் பெரிய வியப்பு என்னவென்றால், இந்தக் காரணம் தெரியாமலேயே பயிர் வளர்ப்பாளர்கள் நல்ல செடிகளைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து அந்தக் கிளைப்பை முன்பே அடக்கியிருந்தார்கள்.