திருவாதிரை நட்சத்திரமும் தேர் வடமும்

மார்கழி மாசம் ராத்திரி எட்டு மணிக்கு மேல மொட்டை மாடியில நின்னு கிழக்க பாத்தீங்கன்னா மூணு நட்சத்திரம் ஒரே வரிசையில இருக்கும், அதுக்கு கொஞ்சம் வடக்கால செவப்பா பெருசா ஒண்ணு தெரியும், அதுதான் திருவாதிரை. சயின்ஸ் புக்ல பீட்டல்ஜூஸ்னு போட்டிருக்கும். நடராஜப் பெருமானுக்கு உரிய நட்சத்திரம். நான் ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்குறேன், அதனால இந்த நட்சத்திரத்த பத்தி பசங்களுக்கு வருஷா வருஷம் சொல்லுவேன். நம்ம சூரியன் இருக்குற எடத்துல இத தூக்கி வச்சா புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் வரைக்கும் எல்லாத்தையும் முழுங்கிடும், அவ்ளோ பெருசு. இன்னிக்கு நம்ம கண்ணுல படுற வெளிச்சம் அங்கருந்து கெளம்பி ஐநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு நாள் வெடிச்சு செதறத்தான் போகுது, இன்னும் ஒரு லட்சம் வருஷத்துக்குள்ளன்னு கணக்கு சொல்றாங்க. 2019 கடைசியில திடீர்னு மங்க ஆரம்பிச்சு 2020 பிப்ரவரி வரைக்கும் மங்கிட்டே போச்சு, உலகம் பூரா வெடிக்கப் போகுதா வெடிக்கப் போகுதான்னு ஒரே பேச்சு, அப்புறம் பாத்தா அது தானே துப்பின தூசு மேகம் முன்னால வந்து மறைச்சிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. இதெல்லாம் சொல்லும்போது பசங்க வாயத் தெறந்துட்டு கேப்பாங்க, எனக்கும் அப்படி ஒரு சந்தோஷமா இருக்கும்.

என் தம்பி தவறினதுக்கு அப்புறம் அதே பாடத்த என்னால நடத்த முடியல. ராத்திரி சாப்பிட்டு படுத்தவன் காலையில எழுந்திரிக்கல, அவ்ளோதான், ரெண்டு சின்ன பசங்க இருக்கு அவனுக்கு. அதுக்கப்புறம் வானத்த பாத்தா எனக்கு பயமா இருந்துச்சு. இவ்ளோ பெரிய எடத்துல, இவ்ளோ கோடி வருஷத்துல, இவன் ஒருத்தன் இருந்தான் போனான்னு எதுக்காவது தெரியுமா, அந்த செவப்பு நட்சத்திரம் அன்னிக்கும் அப்படியேதான எரிஞ்சுது, இந்த நெனப்பு வந்தா தூக்கம் வராது. யார்கிட்ட சொல்றதுன்னும் தெரியல. ஒரு நாள் ஸ்டாஃப் ரூம்ல எங்க தமிழ் டீச்சர்கிட்ட மட்டும் சொன்னேன். அவங்க ஆறுதல் எதுவும் சொல்லல, கொஞ்ச நேரம் என் கைய புடிச்சிட்டு இருந்துட்டு, "டீச்சர், ஆருத்ராவுக்கு சிதம்பரம் போறேன், எங்க சித்தி வீடு அங்கதான் இருக்கு, நீங்களும் வாங்க"ன்னாங்க. ஆருத்ரான்னா மார்கழி திருவாதிரைத் திருவிழாதான். போனேன்.

தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் சேந்தோம். சிதம்பரம் ஆகாய ஸ்தலம்னு எல்லாருக்கும் தெரியும். காஞ்சிபுரம் மண், திருவானைக்காவல் தண்ணி, அண்ணாமலை நெருப்பு, காளஹஸ்தி காத்து, தில்லை ஆகாசம். சித்சபையில நடராஜருக்கு வலது பக்கம் ஒரு திரை தொங்கும், தீட்சிதர் அத விலக்கி ஆரத்தி காட்டுவார், உள்ள தங்கத்துல வில்வ மாலை தொங்கும், அவ்ளோதான், வேற ஒண்ணும் கிடையாது, வெட்டவெளி. அதுதான் சிதம்பர ரகசியம். நான் சின்ன வயசுல பாத்திருக்கேன், அப்ப ஒண்ணும் தோணல. இந்த தடவ அந்த திரை விலகினப்ப எனக்கு தொண்டைய அடச்சுது. எத பாத்து பயந்து ராத்திரி எல்லாம் முழிச்சிருக்கேனோ அதையேதான் இங்க சாமின்னு வச்சு மாலை போட்டு கும்புடுறாங்க. பக்கத்துல நிக்குறவங்க எல்லாம் கன்னத்துல போட்டுக்குறாங்க, ஒரு அம்மா "சிவ சிவா"ன்னு சத்தமா அழறாங்க, எனக்கு கும்பிடவும் தோணல, பாத்துட்டே நின்னேன், கூட்டம் தள்ளி விட்டுடுச்சு.

வெளிய வந்து தமிழ் டீச்சர்கிட்ட சொன்னேன், உள்ள போய் இன்னும் பயம் ஜாஸ்திதான் ஆச்சுன்னு. அதுக்கு அவங்க கோயிலுக்குள்ள இருக்குற சிவகங்கை குளத்து படித்துறையில உக்காந்து ரெண்டு பாட்டு சொன்னாங்க, ரெண்டுமே மாணிக்கவாசகர் இந்த தில்லையில பாடினது. ஒண்ணு திருவண்டப்பகுதி. அண்டங்கள் எல்லாம் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன"ன்னு சொல்லிட்டு, வீட்டு ஓட்டு ஓட்டையில நுழையுற வெயில்ல மெதக்குற தூசு மாதிரி அதெல்லாம் சின்னதா தெரியுற அளவுக்கு பெரியவன் சிவன்னு வரும். டெலஸ்கோப் இல்லாத காலத்துல பாடினது இது! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துச்சு, ஆனா பயம் போகல. இன்னொரு பாட்டு கோயில் மூத்த திருப்பதிகத்துல வர்றது. அதுல அவர் பொன்னம்பலத்தான்கிட்ட என்ன கேக்குறார் தெரியுமா? "அடியேன் உன் அடியார் நடுவுள் இருக்கும் அருளைப் புரியாய்". உன் அடியாருங்க நடுவுல நான் இருக்கணும், அந்த அருள் குடு. அவ்ளோதான். கோடி கோடி அண்டத்த மனசுல பாத்தவர், அத்தனைக்கும் மேல இருக்குறவன நேர்ல பாத்தவர், கேட்டது என்னன்னா என்னை கூட்டத்துல ஒருத்தனா வைன்னு. "நாளைக்கு தேர், வாங்க, நடுவுல போய் நிப்போம்"ன்னு சொல்லிட்டு டீச்சர் எழுந்துட்டாங்க.

தேர் அன்னிக்கு விடியுறதுக்கு முன்னாடியே நாலு வீதியிலயும் பெண்கள் தண்ணி தெளிச்சு கோலம் போட்டுட்டு இருந்தாங்க. யார் வீட்டு வாசல் யார் கோலம்னு கணக்கே இல்ல, நாங்களும் ஒரு எடத்துல கோலமாவு வாங்கி போட்டோம். மத்த ஊர்ல உற்சவர் தான் வெளிய வருவார், தில்லையில மூலவர் நடராஜரே எழுந்து தேருக்கு வர்றார், வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும். பிள்ளையார், முருகர், நடராஜர், சிவகாமசுந்தரி அம்மன், சண்டிகேஸ்வரர்னு அஞ்சு தேர். கீழ வீதியில கெளம்பி தெற்கு, மேல, வடக்கு வீதி சுத்தி சாயங்காலம் நிலைக்கு வரும்.

வடம் புடிக்கிறது டிவியில பாக்குற மாதிரி இல்லீங்க. வடம் என் தொடை தடிமன் இருந்துச்சு. முன்னாடி ஒரு காலேஜ் பையன், பின்னாடி பரங்கிப்பேட்டை பக்கத்துலருந்து வந்த ஒரு மீன்கார அக்கா, அவங்க கைக்கும் என் கைக்கும் நடுவுல ஒரு விரக்கடை கூட இல்ல. முதல்ல இழுக்குறப்ப ஒண்ணுமே நகரல, நான் ஒருத்தி இழுத்து என்ன ஆகப்போகுதுன்னுதான் தோணிச்சு. அப்புறம் சக்கரத்துக்கு கீழ முட்டுக்கட்டைய உருவினாங்க, எங்கருந்தோ "நமச்சிவாயா"ன்னு ஒரு சத்தம் கெளம்பி நம்ம கிட்ட வந்து நம்மள தாண்டி போகுது, வடம் கையில விறைக்குது, அப்ப பின்னாடி அந்த மரக்குன்று அசையுது பாருங்க, அத நீங்க கண்ணால பாக்க வேண்டாம், வடத்துலயே தெரியும். அக்கா காதுகிட்ட வந்து "இழு தாயி இழு, நின்னுடாத"ன்னு கத்துறாங்க. நான் அழுதுட்டே இழுத்தேன். ஏன் அழறேன்னு அவங்க கேக்கல. தெற்கு வீதி திரும்புற எடத்துல தேர் நின்னப்ப தன்னோட பாட்டில்ல இருந்த தண்ணிய குடுத்துட்டு அவங்க முந்தானையாலயே என் முகத்த தொடச்சு விட்டாங்க, எதோ நான் அவங்க வீட்டு பொண்ணு மாதிரி.

சேந்தனார் கதை இந்த தேரோடதான். விறகு வெட்டி வித்து தினம் ஒரு அடியாருக்கு சோறு போட்டு அப்புறம் தான் சாப்பிடுறவர். ஒரு நாள் விடாத மழை, விறகு நனஞ்சு போச்சு, அரிசி வாங்க வழியில்ல, இருந்தத வச்சு களி கிண்டி வச்சிருக்காங்க, அடியாரா வந்த சிவன் அத சாப்பிட்டு போய், மறுநாள் காலையில பொன்னம்பலம் பூரா களி செதறி கெடந்துச்சாம். திருவாதிரைக்கு ஒரு வாய் களின்னு நாம கிண்டுறது அதுக்குத்தான். அப்புறம் தேர் சேத்துல மாட்டி நகராம நின்னப்ப சேந்தனார பல்லாண்டு பாடச் சொல்லி அசரீரி கேட்டு, அவர் பாட தேர் ஓடுச்சுன்னு சொல்றாங்க. அந்த பல்லாண்டோட முதல் வரிய கவனிச்சீங்கன்னா "மன்னுக தில்லை வளர்க நம் பக்தர்கள்". சாமிக்கு வாழ்த்து சொல்றதுக்கு முன்னாடியே ஊரையும் கூட இருக்குற ஜனங்களையும் வாழ்த்திடுறார் மனுஷன். எத்தனையோ தடவ கேட்ட பாட்டு, வடம் புடிச்ச கையோட கேட்டப்ப தான் அந்த வரி எனக்குள்ள போச்சு.

அன்னிக்கு ராத்திரி ஆயிரங்கால் மண்டபத்துக்கு முன்னாடி தான் எல்லாரும். நடராஜரும் அம்பாளும் தேர்லருந்து எறங்கி அங்க வந்துடுவாங்க, விடியக்காலம் மகாபிஷேகம். நல்ல பனி. எங்களுக்கு பாய் கூட இல்ல, பக்கத்துல ஜமக்காளம் விரிச்சிருந்த ஒரு குடும்பம் நகந்து எடம் குடுத்தாங்க, ஆரணி பக்கத்துலருந்து வந்திருந்தாங்க, வருஷா வருஷம் வர்றவங்களாம். ரெண்டு ரெண்டரை இருக்கும், அந்த பொண்ணு தூங்குற தன் பையன, மூணு வயசு இருக்கும், அப்படியே தூக்கி என் மடியில போட்டுட்டு "அக்கா கொஞ்சம் பாத்துக்குங்க, இவங்கப்பாவ காணோம், தேடிட்டு வந்துடுறேன்"னு எழுந்து போயிடுச்சு. என் பேரு கூட அதுக்கு தெரியாது. அவ்ளோ கூட்டத்துல.

அபிஷேகம் ஆரம்பிச்சுது. பால் குடம் குடமா, தயிர், தேன், பஞ்சாமிர்தம், சந்தனம், விபூதி, ஒவ்வொண்ணுக்கும் அவர் வேற வேற மாதிரி ஆகுறார், பால்ல வெள்ளையா, சந்தனத்துல மஞ்சளா, தூக்கின திருவடி மட்டும் எல்லாத்துலயும் தெரியுது. எல்லாரும் எக்கி எக்கி பாக்குறாங்க, நான் எழுந்திரிக்க முடியாது, மடியில பையன். மேற்கால நிமிந்து பாத்தா பௌர்ணமி நிலா எறங்கிட்டு இருக்கு, அதுக்கு கொஞ்சம் தள்ளி அந்த செவப்பு நட்சத்திரம். நிலா வெளிச்சத்துல மத்த நட்சத்திரம் முக்காவாசி தெரியல, இது தெரியுது. எனக்கு எல்லா நம்பரும் ஞாபகம் வந்துச்சு, ஐநூறு வருஷம், லட்சம் வருஷம் எல்லாம். ஆனா என் இடது கை மரத்து போயிருக்கு, பையன் வாயிலருந்து எச்சி ஒழுகி என் புடவை நனஞ்சிருக்கு, குளிருக்கு அவன் என் வயித்தோட ஒட்டிக்கிறான், ஆடாம உக்காரணுமேன்னு அந்த ஒரு கவலை தான் எனக்கு. அது அங்க எரியட்டும்னு இருந்துச்சு. நான் இங்க இந்த பையன புடிச்சிட்டு இருக்கேன், இத்தன பேர் என்னை நெருக்கிட்டு உக்காந்திருக்காங்க. தம்பி போனதுலருந்து முதல் தடவையா வானத்த பயமில்லாம பாத்தேன்.

அந்த பொண்ணு வர ரொம்ப நேரம் ஆச்சு. வந்து, "எழுந்தானா?"ன்னு மட்டும் கேட்டுட்டு பையன வாங்கிக்கிச்சு. அப்புறம் தூக்குவாளியிலருந்து களியும் கூட்டும் எடுத்து இலையில வச்சு குடுத்துச்சு, முந்தின நாள் கிண்டினதாம், வெல்லம் தூக்கலா. அவ்ளோ பசியோட நான் சாப்பிட்டு மாசக்கணக்காச்சு.

மத்தியானம் தரிசனம். நடராஜரும் அம்பாளும் ஆயிரங்கால் மண்டபத்துலருந்து சித்சபைக்கு திரும்புவாங்க, சும்மா நடந்து போகமாட்டார், முன்னும் பின்னுமா ஆடிட்டே போவார், நாதஸ்வரமும் மேளமும் அப்படி ஒரு வேகத்துல அடிக்கும். அந்த ஆட்டத்த பாக்கத்தான் இத்தன லட்சம் ஜனமும். அந்த நெரிசல்ல தமிழ் டீச்சர் என் இடுப்ப புடிச்சிருந்தாங்க, என்னை யாரோ தோள்ல கைய ஊனி எக்கிட்டு இருந்தாங்க, நானும் யார் தோள்லயோ கைய ஊனித்தான் பாத்தேன். அவர் பின்னால போய் திரும்ப முன்னால வந்த நேரத்துல என் தம்பி பேர சொல்லி சத்தமா கூப்பிட்டேன். பக்கத்துல இருந்த பெரியவர் என்ன ஏதுன்னு தெரியாமலே "நல்லா இருக்கட்டும்மா, நல்லா இருக்கட்டும்"னார்.

சாயங்காலம் விருத்தாசலம் பஸ்ல உக்காந்ததும் தம்பி பொண்டாட்டிக்கு போன் போட்டேன். அது குரலே உள்ள போயிருந்துச்சு. தேர் பாத்தது, வடம் புடிச்சது, மீன்கார அக்கா, மடியில தூங்கின பையன், எல்லாத்தையும் சேத்தியாதோப்பு தாண்டுற வரைக்கும் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு, "ஆனிக்கு நாமளும் போலாமா அண்ணி"ன்னு அதுவே கேட்டுச்சு. லீவ் கெடைக்குமான்னு எல்லாம் நான் யோசிக்கல, போறோம்னுட்டேன். அதுக்குள்ள பெரியவன் போன புடுங்கிட்டான். "அத்தை, வடத்த சின்ன பசங்களும் புடிக்கலாமா, விடுவாங்களா?"

"ஓரமா நின்னு புடிக்கலாம்டா, நான் உன் பின்னாடியே புடிச்சிட்டு வர்றேன்"னு சொன்னேன். தம்பிக்கும் ஒரு எடம் புடிச்சு வைக்கணுமாம், சின்னவனுக்கு.