கட்டை என்று நினைத்துக் கடந்து போன மீன்

பைக் என்றதும் டூவீலர் பதிவு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும், இது மீன். நார்தர்ன் பைக். நம் ஊர் விராலைப் போலப் பதுங்கி அடிக்கிற ரகம், ஆனால் விராலுக்கும் இதற்கும் சொந்தம் எதுவும் கிடையாது.

பெர்லினுக்கு வடக்கே ஷ்டெக்லின் என்று ஓர் ஏரி, கிட்டத்தட்ட 70 மீட்டர் ஆழம், தண்ணீர் நல்ல தெளிவு. எனக்கு அந்த ஆழமெல்லாம் ஆகாது. முகமூடியும் ஸ்நார்க்கெல் என்கிற மூச்சுவிடும் குழாயும் மாட்டிக்கொண்டு கரையோரமாகவே, நீர்ச்செடிகளுக்கு மேலே, முதுகில் வெயில் அடிக்க மிதந்துகொண்டிருந்தேன். ஒரு மரம் விழுந்து தண்ணீருக்குள் கிடந்தது. அதில் ஒரு கிளைக்குக் கண் இருந்தது.

பார்க்க ஒரு மீட்டர் நீளம், ஆனால் தண்ணீருக்குள் முகமூடி வழியாக எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். (1986இல் ஜெர்மனியிலேயே 25 கிலோவில் ஒன்று பிடித்திருக்கிறார்கள், அதோடு ஒப்பிட்டால் இது பொடியன்.) பாசிப்பச்சை உடம்பில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள், செடிகளுக்கு நடுவே வெயில் சிதறி விழுகிற மாதிரியே. வாத்து அலகு போலத் தட்டையான வாய். கீழ்த்தாடையில் வரிசையாக ஊசி குத்தினாற்போல் துளைகள், தண்ணீரின் சின்ன அசைவையும் அவற்றால் உணர்ந்துகொள்ளும். உடம்பில் எதுவுமே அசையவில்லை, பக்கத் துடுப்புகளின் ஓரம் மட்டும் காற்றில் படபடக்கிற தாள் மாதிரி மெல்ல நெளிந்துகொண்டே இருந்தது. இரண்டு கண்ணும் என் மேலேயே. மூக்குக்கு நேராகக் குறிபார்க்க வசதியாகக் கண்ணுக்கு முன்னால் பள்ளம் இருக்கிறதாம், அந்த நேரத்தில் நினைவுக்கு வரக் கூடாத தகவல் அது.

முதுகுத் துடுப்பு நடு முதுகில் இல்லாமல் வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அடியிலும் அதற்கு நேராக ஒன்று, ஆக வால் பகுதி மொத்தமும் ஒரே துடுப்பு மாதிரி. உடம்பை எஸ் போல வளைத்து விடுகிற அந்த ஒரு உதையின் முடுக்கத்தை ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள், புவியீர்ப்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல். சிக்கிய மீனைக் குறுக்கே கவ்வி, அப்புறம் திருப்பித் தலை முதலாக விழுங்கும். பற்கள் பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் உள்ளே போனது திரும்பாது.

நான் கேமராவைத் தூக்கினேன். அவ்வளவுதான், கிளை இருந்த இடத்தில் வண்டல் புகை.

சோகம் வீட்டுக்கு வந்த பிறகு. வீடியோவை ஓட்டிப் பார்த்தால், அதற்குப் பன்னிரண்டு நிமிடம் முன்பே அதே மரத்தை ஒட்டி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒவ்வொரு பைக்குக்கும் புள்ளிகளின் அமைப்பு வேறு, படத்தை வைத்தே ஆளை அடையாளம் காணலாம். செவுளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட இரண்டு புள்ளிகளை இரண்டு காட்சியிலும் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். அதே ஆள்தான்.