நிழல் குட்டையாகும் நேரம்

வேலூர் தோட்டப்பாளையத்தில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் அம்மா இருக்கிறார். மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்.டி. போன ஏப்ரலில் ஒருநாள் கதவைத் திறந்தவர், "இன்னாம்மா, கொள்ளைக்காரி மாதிரி கட்டிக்கினு வந்து நிக்கிற?" என்று பின்வாங்கினார். தலையில் ஹெல்மெட், மூக்குக்கு மேல்வரை கட்டம் போட்ட துணி, இரண்டு கையிலும் முழங்கை தாண்டிய உறை, தோளில் பணப்பை. அவர் சொன்னதில் தப்பே இல்லை.

பதினோரு வருடமாக அஞ்சலகச் சேமிப்பு முகவராக இருக்கிறேன். என்னிடம் இருப்பதில் முக்கால்வாசி 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய கணக்குகள். அதனால் மாதத்தின் முதல் பாதியில் ஸ்கூட்டரில்தான் குடித்தனம். சத்துவாச்சாரி, கொசப்பேட்டை, பாலாற்றுப் பாலம் தாண்டி காந்தி நகர், காட்பாடி. ஒன்பது மணிக்கு முன்னால் போனால் எல்லா வீட்டிலும் டிபன் பாக்ஸ் அமர்க்களம். இரண்டு மணிக்கு மேல் போனால் தூக்கம். ஆகவே 10 முதல் 1 வரைதான் வசூல் நேரம் என்று நானே வகுத்துக்கொண்டேன். இரண்டு மணி வெயிலுக்கு முன்னால் வீடு சேர்ந்துவிடுகிறேனே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

மூன்று வருடம் முன்பு கன்னத்து எலும்பின் மேல் இரண்டு பக்கமும் பழுப்பாக ஏதோ படர ஆரம்பித்தது. அப்புறம் மேலுதட்டின் மேலும். "மங்கு விழுந்திருக்குடி, ஜாதிக்காய் இழைச்சுப் போடு" என்றார் மாமியார். போட்டேன், எரிந்தது, நிறுத்தினேன். அடுத்து நான் செய்ததுதான் முட்டாள்தனம். ஒரு மருந்துக்கடையில் சீட்டு எதுவும் இல்லாமல் கேட்டேன், ஒரு சின்ன டியூபை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. "இன்னா பூசற, எனக்கும் சொல்லு" என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டாம் மாதம் கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றால் முகத்தில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் எரிந்தது. பூசுவதை நிறுத்தியதும் சிவந்து பொரிப்பொரியாக வந்து, மங்கு முன்னைவிடக் கருத்துத் திரும்பியது.

தோல் டாக்டர் அந்த டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அதில் ஸ்டீராய்டு இருந்தது. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துபோகும், வெயிலைத் தாங்காது என்றார். பிறகு கேட்டார்: "எத்தனை மணிக்கு வெளியே போறீங்க?" பெருமையாகச் சொன்னேன். "இருக்கறதுலயே மோசமான நேரத்தைத் தேடிப் புடிச்சிருக்கீங்க" என்றார்.

எனக்கு அதுவரை புரியாமல் இருந்தது இதுதான். வெயிலின் சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. நமக்குச் சுடுவது கதிரின் இன்னொரு பகுதி. புற ஊதா கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் அந்த நேரத்தில் தெரியாது. சூரியன் உச்சியில் இருக்கும்போது அது வரும் வழியில் காற்று மண்டலமும் ஓசோனும் குறைவு, அதனால் அப்போதுதான் அதிகம் இறங்கும். நம் ஊரில் உச்சிப்பொழுது 12.10, 12.15 வாக்கில். இரண்டு மணிக்கு மேல் நாம் "அய்யோ" என்பது தரையும் பாறையும் வாங்கிவைத்த சூட்டை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுவதில்லையா, அப்படி. கல்லுக்குப் பயந்து நெருப்பில் கைவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கத்திரி வெயில் கதையும் இப்படித்தான். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போதுதான் நாம் குடையைத் தேடுகிறோம். வேலூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதோ ஏப்ரல் 24, 25 வாக்கில். ஆகஸ்ட் 18 ஒட்டி இன்னொரு முறை வருகிறது. அப்போது ஆடி முடிந்து காற்றும் மேகமுமாக இருக்கும், நானும் முகத்தில் கட்டிய துணியை அவிழ்த்துவிடுவேன். லேசான மேகத்தில் பெரும்பகுதி புற ஊதா நுழைந்துவிடும். ஒவ்வொரு ஆவணியிலும் மங்கு ஏன் திரும்புகிறது என்று தெரிந்துகொள்ள இத்தனை நாள் ஆனது.

ஏலகிரி இன்னொரு ஏமாற்று. மே விடுமுறையில் குழந்தைகளோடு போய், குளுகுளுவென்று இருக்கிறதே என்று புங்கனூர் ஏரியில் படகு, பூங்கா என்று மதியம் முழுக்க வெளியிலேயே இருந்தோம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் புற ஊதா பத்து சதவீதம்போல் கூடும். அந்தப் பத்தைவிட, சுடாததால் நாங்கள் நிழலுக்கு ஒதுங்காமல் இருந்ததுதான் வினை. சின்னவனுக்கு மூக்கு உரிந்தது.

டாக்டர் ஒரு வழி சொன்னார், செலவில்லாதது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது. கோடையில் இங்கே ஒன்பது மணி தாண்டியதுமே குட்டையாகிவிடுகிறது, மூன்று மணிக்கு மேல்தான் நீளும். மார்கழி மதியத்தில் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன், அப்போதும் குட்டைதான்.

"நீயே கருப்பு, உனக்கெதுக்கு சன்ஸ்கிரீன்?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கருப்புத் தோலில் இருக்கும் மெலனின் ஒரு குடைதான், ஆனால் சின்னக் குடை. வெள்ளைக்காரர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு. மங்கு மாதிரி கறை மட்டும் நம் நிறத்துக்குத்தான் சுலபமாக விழுகிறது. நம் ஊரில் வெயில் பேச்செல்லாம் "கருத்துடுவே" என்பதோடு நின்றுவிடுகிறது. கருத்தால் என்ன? எனக்கு எரிச்சல் அந்தத் திட்டுகள்மேல்தான்.

கிரீம் விஷயம் சுருக்கமாக: டியூபில் எஸ்பிஎஃப் 30 என்று போட்டிருந்தால் தோலைச் சிவக்கவைக்கும் புற ஊதாக் கதிரில் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. ஆனால் அந்தக் கணக்கு தாராளமாகப் பூசினால்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. நான் கல்யாண வீட்டுச் சந்தனம்போல் தொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கண்ணாடியையும் தாண்டி வரும் யூவிஏ என்ற இன்னொரு வகைக்கு, பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பார்க்க வேண்டும். மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே ஆகாது என்பதால் எனக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகையை எழுதிக் கொடுத்தார். நல்லவேளை, வெள்ளை வகை என் முகத்தில் திருநீறு அப்பியதுபோல் இருக்கும்.

ஒழுங்காகப் பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதம் வராது. அதனால் நான் நம்புவது துணியைத்தான். என் பழைய வெள்ளை துப்பட்டாவை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன், விளக்கு பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் வீட்டுக்காரரின் குடியாத்தம் லுங்கி, கருநீலக் கட்டம், நெருக்கமான நெசவு. வெளிச்சம் மங்கலாகத்தான் கசிந்தது. பாதியாக வெட்டிவிட்டேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை.

இந்த ஜூனிலிருந்து வசூலை மாலை 4.30க்கு மாற்றிவிட்டேன். இரண்டு பேர் வேறு ஏஜெண்டிடம் போய்விட்டார்கள். சீரியல் ஓடும்போது பணம் எண்ண யாருக்கும் கை வருவதில்லை, விளம்பரம் வரும்வரை வாசலில் நிற்கிறேன். தோட்டப்பாளையத்து அம்மாவிடம் போனபோது மணி ஆறு, முகத்தில் துணியில்லை. நெருங்கி வந்து பார்த்தார்.

"இப்பதாம்மா உன் மூஞ்சியவே பாக்கறேன். கன்னத்துல இன்னாது அது, மங்கா? ஜாதிக்காய் இழைச்சுப் போடேன்."