அனோபிலிஸ் மாஸ்டரும் கட்டேட்டே ஆய்வுகூடமும்

நம் விலங்கியல் மாஸ்டர் ரொறன்ரோவில் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது, அஞ்சலி எழுதியவர்களில் பாதிப்பேர் அவருடைய பெயரை எழுதவில்லை, பட்டப்பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். மலருக்கு அவரைப் பற்றி எழுதும்படி செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். அந்தப் பெயரை வைத்தவன் நான். அதற்கான தண்டனையை அனுபவித்தவனும் நான். நம்மை விட்டுவிட்டு அவர் வேலைக்குப் போன சாம்பியாவுக்கே நானும் பிற்காலத்தில் போய், ஒரு மிஷன் மருத்துவமனையில் சம்பளமில்லாமல் வேலை செய்துவிட்டு வந்தேன் என்பது செயலாளர் அறியாத இன்னொரு காரணம்.

கியூலெக்ஸ் நுளம்பு சுவருக்குச் சமாந்தரமாக இருக்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் தலையைச் சுவரில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, கோணம் போட்டு இருக்கும். மாஸ்டரும் தோளைச் சுவரில் கொடுத்து, கால்களைத் தள்ளி வைத்துக்கொண்டு சரிந்தபடியேதான் பாடம் நடத்துவார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அதிக புத்தி தேவைப்படவில்லை. பெயர் அவர் காதுக்கு எட்டியதும் அவர் பிரம்பை எடுக்கவில்லை. ஆய்வுகூட விறாந்தைச் சுவரில் என்னை அதே கோணத்தில் சாய்ந்து நிற்கச் செய்து, இரண்டு பாடவேளை முழுவதும் இடையிடையே வந்து கரும்பலகைப் பாகைமானியால் அளந்து, "சரிவு குறையுது தம்பி" என்று திருத்திவிட்டுப் போனார். இடைவேளை மணி அடித்து, கீழ்ப்பிரிவுப் பொடியன்கள் எல்லோரும் என்னைக் கடந்துதான் தண்ணீர்க் குழாய்க்குப் போனார்கள்.

ஆனாலும் மலேரியாவை அவரைப்போல் யாரும் படிப்பிக்கவில்லை. கரும்பலகையில் மூன்று வரிகளை மட்டும் எழுதுவார்: இலங்கையில் 1934–35இல் ஏறத்தாழ 80,000 மரணம், 1963இல் 17 நோயாளர், 1969இல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர். பதினேழுக்குப் பிறகு என்ன நடந்தது என்று வகுப்பைக் கேட்பார். நுளம்பு பலத்துவிட்டது என்றுதான் நாங்கள் சொல்வோம். மருந்து தெளிப்பதையும் காய்ச்சல்காரரைத் தேடிப் பிடித்து இரத்தம் பார்ப்பதையும் நாடு கைவிட்டதைத்தான் அவர் முதலில் சொல்வார். நுளம்பு டிடிரி என்ற அந்தத் தெளிமருந்துக்குப் பழகியது அதற்கு அடுத்ததாகத்தான் வரும்.

1980இல், உயர்தரப் பரீட்சைக்கு மாதங்கள் இருக்கையில், அவர் ஒப்பந்த ஆசிரியராகச் சாம்பியாவுக்குப் போனார். அந்தக் காலத்தில் சாம்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போகாத கணித, விஞ்ஞான ஆசிரியரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும் என்றாலும், நம்முடையவரும் போவார் என்று நாம் எண்ணியிருக்கவில்லை. மிச்சப் பாடங்களை முந்திய அணியின் குறிப்புக் கொப்பிகளைப் பார்த்து எழுதினோம். பல்கலைக்கழக அனுமதியில் இருந்த தரப்படுத்தலும் சேர்ந்துகொள்ள, எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை. சாம்பியாக் காசான குவாச்சாவுக்கு நம்மை விற்றுவிட்டார் என்று வெகுகாலம் சொல்லித் திரிந்தேன், லண்டனுக்கு வந்து, பவுண்சுக்கு ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கத் தொடங்கிய பின்னரும்.

ஓய்வுபெற்ற பிறகு, 2018 தை மாதம், லுசாக்காவிலிருந்து கிரேட் ஈஸ்ட் வீதியில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் கிழக்கே, கட்டேட்டேயில் உள்ள புனித பிரான்சிஸ் மருத்துவமனைக்குப் போனேன். ஆங்கிலிக்கன், கத்தோலிக்க மறைமாவட்டங்கள் இரண்டும் சேர்ந்து நடத்துவது. ஊழியரில் பெரும்பாலோருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. காலையில் வேலை தொடங்குமுன் சின்யாஞ்சா மொழியில், வாத்தியம் எதுவும் இல்லாமல், பல குரல்களாகப் பிரிந்து பாடுவார்கள். பள்ளியில் தேவாரத்தின் இரண்டாவது அடியிலேயே தடுமாறுகிற நான் பின்வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வளவின் ஓரத்தில் நோயாளரின் உறவினர் தங்கும் கொட்டிலில் விறகு மூட்டி, சோளமாவில் சீமா என்ற களியும் கப்பென்டா என்ற சின்ன மீன் கருவாடும் சமைப்பார்கள். அந்த மணம் ஆய்வுகூட யன்னல்வரை வரும்.

நான் போன நேரம் மாரி. மழையோடு மலேரியா ஏறும். பிள்ளைகள் விடுதியில் ஒரு கட்டிலில் இருவர் படுத்திருப்பார்கள். விரைவுச் சோதனைப் பட்டி இருந்தாலும், மருந்து கொடுத்து நோய் நீங்கிய பின்னும் வாரக்கணக்கில் அது நேர்மறையாகவே காட்டும். ஆகவே, இரத்தத்தைக் கண்ணாடித்தட்டில் தடித்த படலமாகப் பூசி, ஜீம்சாச் சாயமிட்டு, இருநூறு வெண்குழியங்களுக்கு எத்தனை ஒட்டுண்ணி என்று எண்ணும் பழைய வேலையை யாராவது செய்தாக வேண்டும். இடிமழையில் மின்சாரம் போனால் நுணுக்குக்காட்டியை யன்னலடிக்கு நகர்த்தி, கண்ணாடியைத் திருப்பி வெளிச்சத்தைப் பிடிக்கவேண்டும். லண்டனில் வேலை செய்த காலம் முழுவதும் கண்ணாடி வைத்த நுணுக்குக்காட்டியைத் தொட்டிராத எனக்கு அது உடனே கைவந்தது. யாரிடம் பழகினேன் என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மலேரியா இரத்தத்தை அழித்து, ஈமோகுளோபின் மூன்று, நான்கு என்று இறங்கிவரும் குழந்தைகளுக்கு உடனே இரத்தம் ஏற்றவேண்டும். அந்த நாட்டில் இரத்தம் கொடுப்பவர்களில் பெரும்பங்கினர் இடைநிலைப் பள்ளி மாணவர்கள். மார்கழி விடுமுறைக்குப் பள்ளிகள் மூடினால் இரத்தவங்கி வற்றும். வற்றும் அதே வேளையில்தான் மலேரியா உச்சத்துக்குப் போகும். குளிர்ப்பெட்டியில் கடைசிப் பைகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு மாலை, ஓய்வை நெருங்கியிருந்த ஆய்வுகூடப் பொறுப்பாளர், பள்ளிகள் திறந்துவிட்டால் தப்பிவிடுவோம் என்று சொன்னார். சொல்லிவிட்டு, தான் முதலில் இரத்தம் கொடுத்ததும் பள்ளியில்தான் என்றும், தன் விஞ்ஞான ஆசிரியர் இலங்கையர் என்றும், அவர் தன்னை நுணுக்குக்காட்டியடியில் இருட்டும்வரை இருத்தி வைத்ததால்தான் இந்த வேலைக்கு வந்ததாகவும் சொன்னார்.

அவர் பெயரைக் கேட்டேன். முழுப்பெயரை யாராலும் சொல்ல முடிந்ததில்லை, முதலெழுத்துகளை வைத்தே கூப்பிட்டோம் என்றார். சுவரில் சாய்ந்து நிற்பாரா என்று கேட்டேன். எல்லா ஆசிரியரும் சாய்ந்துதான் நிற்பார்கள் என்று சிரித்தார். அந்த மாகாணத்துப் பள்ளிகளில் நம் நாட்டவர் எத்தனையோ பேர் படிப்பித்திருக்கிறார்கள். நம்முடையவராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவராகத்தான் இருக்கவேண்டும் என்று நான் விரும்பவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நாம் இழந்த அந்தக் கடைசி மாதங்கள் அங்கே ஒருவருக்கு முழுத் தொழிலாகக் கிடைத்தன என்றால், இத்தனை ஆண்டுகளாக வளர்த்த கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

லண்டன் திரும்பியதும் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். குரல் தளர்ந்திருந்தது, ஆனால் ஆளைத் தெரிந்தது. "பாகைமானிப் பொடியனே?" என்றார். அந்தப் பொறுப்பாளரைப் பற்றிச் சொன்னேன். தான் படிப்பித்தது வேறு மாகாணமாகவும் இருந்திருக்கலாம், நான்கு பள்ளி மாறியதில் எல்லாம் கலந்துபோய்விட்டது என்றார். அதைவிட அவர் ஆவலாகக் கேட்டது எங்கள் அணியின் பெறுபேறுகளை. யார் யாருக்கு மருத்துவம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டுவந்து, என் பெயரில் நின்றார். "நான் பரீட்சை முடியுமட்டும் நிண்டிருக்கலாம்" என்றார். விமானச்சீட்டு வந்துவிட்டது, மூன்று தங்கைமார் இருந்தார்கள் என்று பிறகு சேர்த்துக்கொண்டார்.

கிளிநொச்சிக்குப் போகாமல் ஏன் சாம்பியாவுக்குப் போனாய் என்றும் கேட்டார். அதே கேள்வியை வீட்டில் பலமுறை கேட்டிருந்ததால் பதில் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. 2016இலேயே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்துவிட்டது, என் கைக்கு அங்கே வேலை இல்லை என்றேன்.

"அங்கை மலேரியா ஒண்டுதானே தம்பி வருத்தம்?" என்றார்.

போர் முடிந்த பின் கோயில் திருவிழாவுக்கும் கலியாணவீடுகளுக்கும் ஊருக்குப் போய்வந்திருக்கிறேன். அங்குள்ள எந்த ஆய்வுகூடத்திலும் ஒரு பொழுது உட்காரவில்லை. அவரும் 1980இல் போனவர் திரும்பி வந்து இருக்கவில்லை என்பதை அப்போது சொல்லியிருக்கலாம். மாஸ்டர்மாரோடு வாதாட நம் கல்லூரி நம்மைப் பழக்கவில்லை; "ஓம் சேர்" என்றுதான் சொன்னேன்.