கணக்கு உதைக்கும்போது

வரவு செலவை மறுபடி நோட்டில் கையால் எழுத ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் எக்செல்தான், கூட்டல் கழித்தலை எல்லாம் ஃபார்முலா பார்த்துக்கொண்டது. ஒருநாள் வேறு எதையோ தேடப்போய்க் கவனித்தேன். நான் போட்டு வைத்த கூட்டல் ஃபார்முலா 200-வது வரியோடு நின்றிருந்தது, அதற்குக் கீழே மூன்று மாதமாக எழுதிய எதுவும் மொத்தத்தில் சேரவே இல்லை. மூன்று மாதமாக ஒரே எண் அசையாமல் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, நானும் அதே பக்கத்தைத் தினம் திறந்து மூடியிருக்கிறேன்! தப்பு நடந்ததைவிட அது என் கண்ணில் படாமல் போனதுதான் என்னை உலுக்கியது.

நோட்டில் அப்படி நடக்காது என்று சொல்லவில்லை. கையால் எழுதினால் தப்பு இன்னும் அதிகம் வரும். ஆனால் வந்த தப்பு கைக்கு அகப்படும். நோட்டில் வரும் இருப்பும் வங்கியில் இருக்கும் இருப்பும் உதைக்கிறதா, முதலில் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது, 540-ஐ 450 என்று எழுதியிருப்போம். வித்தியாசத்தில் சரிபாதி ஒரு தொகையாக நோட்டில் இருந்தால், செலவை வரவுப் பக்கம் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். பேரேடு எழுதியவர்கள் காலங்காலமாகச் செய்த சோதனைகள் இவை, எக்செல் வைத்திருந்த வருஷங்களில் எனக்கு இதெல்லாம் தேவைப்படவே இல்லை, அதனால் தெரியவும் இல்லை.

அப்புறம், எல்லாவற்றையும் கையால் செய்கிற ஆள் இல்லை நான். பேக்கப் தானாகத்தான் ஓடுகிறது, அதை என்னிடம் விட்டால் மறந்துவிடுவேன், அதில் பார்த்து யோசிக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் பார்ப்பதே வேலையாக இருக்கிற இடத்தில் கையை எடுத்துவிட்டால் பழக்கமும் கூடவே போய்விடுகிறது. விமானிகளுக்கே இந்தக் கவலை இருக்கிறது: 2013-ல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையம், சூழல் இடம் கொடுக்கும்போது ஆட்டோபைலட் இல்லாமல் கையால் ஓட்ட விமானிகளை ஊக்குவிக்கும்படி விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

போன மாதம் 27 ரூபாய் உதைத்தது. 9-ஆல் வகுத்தால் 3, அப்படியென்றால் ஒன்றுக்கொன்று 3 வித்தியாசமுள்ள இலக்கங்களைத் தேட வேண்டும். நாலாவது பக்கத்தில் கிடைத்தது, 85 என்று இருக்க வேண்டிய இடத்தில் 58.